எந்த ஊர்ப் பூச்சி?

எங்கள் ஆயாவுக்குப் புது ஆள் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எந்த ஊருப்பா நீ?" தண்ணி கேன் போட வரும் பையன், கேபிள் பார்க்க வருபவர், என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பர்கள், யாரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. ஊர் தெரிந்தால்தான் ஆயாவுக்கு ஆள் பிடிபடும். அந்த ஊரில் தெரிந்தவர் யார், அவர்களோடு சண்டையில் இருப்பவர் யார், எல்லாம் அதன் பிறகு தானாக வரும்.

நாங்கள் இருப்பது கரையான்சாவடி. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், டிரங்க் ரோட்டில். இன்று மெட்ரோ தூண்களும் ஸ்டேஷனும் வந்துவிட்டன. அப்பா வீடு கட்டிய காலத்தில் எங்கள் மனைக்குப் பின்னால் பாதி காலி நிலம். குளியலறைத் தண்ணீர் ஓடும் மூலையில், யாரும் நடாமலே ஒரு பப்பாளி முளைத்து நின்றது. காக்கா போட்ட விதையாக இருக்கும். ஆயா அதைத் தன் சொத்து மாதிரி பார்த்துக்கொண்டது. பழுத்த பழத்தில் முதல் துண்டு ஆயாவுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு.

2009 வெயில் காலம். நான் காலேஜில் இரண்டாம் வருடம். ஒரு நாள் பப்பாளி இலைகளின் அடியில் யாரோ பஞ்சைப் பிய்த்து ஒட்டியது மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு வாரத்தில் அது காம்புக்கு வந்தது, அடுத்த வாரம் காய்க்கு. தண்டில் எறும்பு மேலும் கீழுமாக வரிசை கட்டியது. கீழே இருந்த துணி துவைக்கிற கல் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்து, அப்புறம் கரி பூசியது மாதிரி கறுத்துப்போனது. விரலால் நசுக்கினால் மஞ்சளாக ஒரு நீர்.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. சாம்பல் தூவினோம். சோப்புத் தண்ணி அடித்தோம். கடைசியில் அப்பா ஒரு உரக்கடையில் போய், "பஞ்சு மாதிரி ஒரு பூச்சி" என்று சொல்லி ஒரு பாட்டில் வாங்கிவந்தார். கடைக்காரரும் எந்தப் பூச்சி என்று கேட்கவில்லை. அப்பா முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, கையுறை எதுவும் இல்லாமல், அண்ணாந்து பார்த்து அடித்தார். அன்று இரவு முழுக்க வாந்தி, தலைசுற்றல். மறுநாள் டாக்டர் திட்டி அனுப்பினார். மரத்தில் இருந்த பொறிவண்டுகள் எல்லாம் கல்லின்மேல் செத்துக் கிடந்தன. வெள்ளைப் பூச்சி பத்து நாள் காணவில்லை, பதினோராம் நாள் திரும்பி வந்தது. அடுத்த வருடம் ஜூன் மாதம் அப்பா மரத்தை வெட்டிவிட்டார். ஆயா வெளியே வரவேயில்லை.

பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்: நாங்கள் மரத்தை வெட்டிய அதே 2010 அக்டோபரில் அந்தப் பூச்சிக்கான மருந்து கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. அது பாட்டிலில் வரவில்லை. பறந்து வந்தது. அந்தக் கதை ஆயாவின் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

*

முதலில் சொந்தபந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ, இவை நான்கும் ஒன்றுவிட்ட உறவுகள். எல்லாவற்றுக்கும் வாய் ஒரு ஊசிக்குழாய். செடியின் உள்ளே இலையிலிருந்து வேருக்கும் காய்க்கும் சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாயில் அதைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பைப்லைனில் திருட்டுக் கனெக்‌ஷன் எடுப்பது மாதிரி.

அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடம்பு வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் சொற்பம். அதனால் பூச்சி ஓயாமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீரைப் பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியே விடும். எங்கள் துவைகல்லில் ஒட்டியது அதுதான். அந்தத் தேன்துளியில் கரும்பூசணம் வளரும். இலைமேல் அது படர்ந்தால் வெயில் உள்ளே போகாது, இலை சமைப்பதை நிறுத்திவிடும். எறும்பு வருவதும் அந்த இனிப்புக்காகத்தான். வாங்கித் தின்றதற்குக் கூலியாக, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் எறும்பு விரட்டும்.

இனப்பெருக்கம் இன்னொரு தலைவலி. அசுவினிப் பெண்ணுக்கு நம் மாதிரி வெப்பமான ஊரில் ஆண் துணையே பெரும்பாலும் தேவைப்படாது. முட்டை இடாமல் குட்டியாகவே போடும். பிறக்கப்போகும் அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அதன் குட்டி உருவாக ஆரம்பித்திருக்கும். பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் ஒரே உடம்புக்குள். பப்பாளி மாவுப்பூச்சி முட்டை இடும் ஜாதி. ஆனால் ஒரு தாய் மெழுகுப் பஞ்சுப் பைக்குள் 100 முதல் 600 முட்டைகள் வரை வைக்கும். நீங்கள் அடிக்கும் மருந்து தண்ணீரில் கலந்தது, அதன் முதுகில் இருப்பது மெழுகு. ஒட்டாமல் வழிந்துபோகும். மருந்தில் சாவது வெளியே நடமாடும் பொறிவண்டுதான்.

விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மருந்து. பெயரில் தொடங்குகிற இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரில் இருநூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. அது கரையான்சாவடியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், சைதாப்பேட்டையில் ஆரம்பிக்கிறது.

*

1780களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு ஒரு கனவு: கொச்சினீல். மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியில் வாழும், மாவுப்பூச்சிக்கு நெருங்கிய உறவான ஒரு சாறுண்ணி அது. அதைக் காயவைத்துப் பொடித்தால் அடர் சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சரக்குக்கு சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு அந்தச் சாயத்தில்தான் தோய்ந்தது. வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். அந்த ஏகபோகத்தைச் சென்னையில் உடைக்க ஆண்டர்சன் நினைத்தார்.

அவர் 1786ல் சென்னையிலேயே ஒரு புல்லில் கொச்சினீலைக் கண்டுபிடித்துவிட்டதாக லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது கொச்சினீல் இல்லை. ஆனாலும் விடவில்லை. சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குப் பக்கத்தில், கம்பெனி செலவில் ஒரு கள்ளித்தோட்டம் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சொந்தக்காரர் ஆண்ட்ரூ பெர்ரி. விருந்து தயார், இலையும் போட்டாச்சு, விருந்தாளி மட்டும் வரவில்லை.

1795ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது கள்ளியோடு பூச்சியையும் சேர்த்து எடுத்துக் கல்கத்தா கொண்டுவந்தார். அங்கிருந்து அது சென்னைக்கும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வந்தது வேறு பூச்சி. மெக்சிகோவின் வளர்ப்புக் கொச்சினீல் இல்லை, தென் அமெரிக்கக் காட்டு ரகம். இன்று அதன் பெயர் டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ். அது கொடுத்த சாயம் மட்டம். ஆனால் கள்ளியைத் தின்பதில் கில்லாடி. தன்னை வளர்க்க வைத்த கள்ளியையே அது காலி செய்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்பே பிறகு பயன்பட்டது. வேலியாக வைத்த கள்ளி ஊரெல்லாம் களையாகப் பரவியபோது, 1836-38 காலத்தில் அதே பூச்சியை வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். 1860களில் அது இங்கிருந்து இலங்கைக்கும் போனது. ஒரு களையை அடக்க அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பியதற்கு உலகின் முதல் உதாரணமாக இதைத்தான் பூச்சியியல் புத்தகங்கள் சொல்கின்றன. சைதாப்பேட்டைக்காரர்களுக்கே தெரியாத பெருமை.

எனக்கு இதில் பிடிபடுவது வேறு ஒன்று. ஆண்டர்சனிடம் பணம் இருந்தது, அதிகாரம் இருந்தது, தோட்டம் இருந்தது. எந்த ஊர்ப் பூச்சி என்று சரியாகக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

*

பழமரத்து அசுவினி நம் மலைக்கு வந்ததும் கப்பலில்தான். ஆப்பிள் மரத்தின் கிளையிலும் வேரிலும் வெள்ளைக் கம்பளி போர்த்தியது மாதிரி உட்காரும் கம்பளி அசுவினி, 1889ல் குன்னூரில் பதிவானது. இங்கிலாந்திலிருந்து வந்த நாற்றுகளோடு வந்திருக்கிறது. அது சாறு குடித்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வீங்கும், வேரில் முடிச்சு விழும், மரம் தேயும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'அமெரிக்க நோய்'. திட்டுவதற்காக வைத்த பெயர், ஆனால் முகவரி சரி. பூச்சியின் சொந்த ஊர் வட அமெரிக்காதான்.

முகவரி சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கலிஃபோர்னியா முதலில் காட்டியது. அங்கே ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை ஒரு பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1880களில் விவசாயிகள் மரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். அமெரிக்க அரசின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி ஆயாவின் கேள்வியைக் கேட்டார். பதில்: ஆஸ்திரேலியா. அங்கே அது ஏன் தோட்டங்களை அழிக்கவில்லை? அதைத் தின்ன அங்கே யாரோ இருக்க வேண்டும். 1888ல் ஆல்பர்ட் கேபலே என்பவரை அனுப்பினார்கள். அவர் மூன்று தவணையில் 28, 44, 57 என்று மொத்தம் 129 சிவப்புப் பொறிவண்டுகளை அனுப்பிவைத்தார். ரோடோலியா கார்டினாலிஸ். அவற்றை ஒரு கூடாரம் போட்ட ஆரஞ்சு மரத்தில் விட்டுப் பெருக்கி, தோட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சுமார் ஒன்றரை வருடத்தில் பிரச்சினை ஓய்ந்தது.

அதே பஞ்சுச் செதில் பூச்சி 1920களின் இறுதியில் நீலகிரி சீகை மரங்களில் தென்பட்டது. சென்னை மாகாண அரசு அதே பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மலையில் விட்டது. அது இன்றும் இங்கே குடியிருக்கிறது. ஆப்பிள் அசுவினிக்கும் அதன் ஊர்க்காரக் குளவியான அஃபெலைனஸ் மாலி 1930களில் இந்தியாவுக்கு வந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குளவி, அசுவினியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, அசுவினியின் தோலைக் கூடாக்கி, முதுகில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறும்.

ஆக, இதெல்லாம் நம் ஊரில் ஏற்கெனவே செய்து பார்த்த வேலை. பிறகு பாட்டில் வந்தது. விலை மலிவு, வேலை சுலபம், அடித்த அன்றே செத்து விழும். கேள்வி கேட்கும் பழக்கம் மெல்லப் போனது.

*

2008க்கு வருவோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு வெள்ளைப் பூச்சி. மாவுப்பூச்சி நமக்குப் புதிதில்லை. கொய்யாவில் உண்டு, திராட்சையில் உண்டு, செம்பருத்தியில் உண்டு. ஆனால் இது அடங்கவில்லை. அந்த ஜூலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார் முனியப்பன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கிலிருந்து ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கான சர்வதேசத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர். அதற்கு முன்பு பசிபிக் கடலின் குவாம் தீவில் பல வருடம் வேலை பார்த்தவர். 2002ல் குவாமுக்கு வந்த ஒரு மாவுப்பூச்சியை அடக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. கோவையில் அதே முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ.

என் வேலையில் இதை அனுபவித்திருக்கிறேன். மூன்று நாள் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு பிழையைத் தேடுவோம். ஆளாளுக்கு ஒரு பேட்ச் போடுவோம். வேறு டீமிலிருந்து ஒருவர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்து, "இது போன புராஜெக்ட்ல வந்ததாச்சே" என்பார். அந்த நிமிடத்தில் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பூச்சியின் பாஸ்போர்ட் சுவாரசியமானது. மெக்சிகோவில் அது யாரும் கண்டுகொள்ளாத சாதாரணப் பூச்சி. அறிவியல் பெயரே 1992ல்தான் கிடைத்தது. 1990களில் கரீபியன் தீவுகள், 1998ல் ஃப்ளோரிடா, 2002ல் குவாம், 2003ல் பலாவ், 2004ல் ஹவாய், 2008ல் இந்தோனேசியா, இலங்கை, கோயம்புத்தூர். செடியோடும் பழத்தோடும் மனிதர்களே சுமந்து போனது. பெண் பூச்சிக்கு இறக்கையே கிடையாது.

பப்பாளியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது 60க்கும் மேற்பட்ட செடிகளில் வாழும். காயைக் கீறிப் பால் எடுத்துப் பப்பெய்ன் நொதிக்கு விற்கும் பப்பாளி விவசாயிகளுக்கு முதல் அடி. சேலம், நாமக்கல்லில் மரவள்ளிக்கு அடுத்தது. ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் மல்பெரிக்கு விழுந்த அடிதான் கொடுமை. மல்பெரி இலை பட்டுப்புழுவின் சாப்பாடு. மருந்து அடிக்காவிட்டால் இலை போகும், அடித்தால் இலையைத் தின்ற புழு சாகும். எத்தனையோ பேர் மல்பெரியை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். பப்பாளித் தோட்டங்கள் டிராக்டரில் உழப்பட்டன. எங்கள் வீட்டு ஒற்றை மரத்துக்கு ஆயா வீட்டுக்குள்ளேயே இருந்தது நினைவுக்கு வருகிறது. ஏக்கர் கணக்கில் பிடுங்கியவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

சொந்த ஊர் தெரிந்ததும் எதிரியின் விலாசமும் தெரிந்தது. 1999லேயே அமெரிக்க, மெக்சிகோ பூச்சியியலாளர்கள் மெக்சிகோவில் தேடி இந்தப் பூச்சியின் ஒட்டுண்ணிக் குளவிகளைச் சேகரித்திருந்தார்கள். போர்ட்டோ ரிக்கோவில் அவற்றை வளர்க்கும் கூடம் இருந்தது. பெங்களூர் ஹெப்பாளில் அப்போது தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் அனுமதி வாங்கி, 2010 ஜூலையில் அங்கிருந்து மூன்று குளவி இனங்களை வரவழைத்தது. அசெரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூடலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா.

வந்ததும் திறந்துவிடவில்லை. தனிமைக் கூடத்தில் வைத்து, இது வேறு எதையாவது தொடுமா என்று சோதித்தார்கள். அப்புறம் பெருக்க வேண்டும். குளவிக்குச் சாப்பாடு மாவுப்பூச்சி, மாவுப்பூச்சிக்குச் சாப்பாடு செடி. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது முளைவிட்ட உருளைக்கிழங்கு. ஊரே ஒழிக்கப் பார்க்கும் பூச்சியை உருளைக்கிழங்கு முளையில் கொழுக்க வளர்த்து, அதன்மேல் குளவியை விட்டுப் பெருக்கினார்கள். அக்டோபரில் கோவையில் வெளியே விட்டார்கள். பிறகு பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையங்கள், பட்டு வளர்ச்சித் துறை ஆட்கள் வழியாகக் குப்பிகள் ஊர் ஊராகப் போயின.

மூன்றில் முன்னுக்கு வந்தது அசெரோபேகஸ். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு முற்றுப்புள்ளிக்கு இறக்கை முளைத்தது மாதிரி. ஓராண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி தேடிப் பார்க்கும் அளவுக்குக் குறைந்துவிட்டது. இந்த ஒரு வேலையால் இந்திய விவசாயத்துக்குக் கிடைத்த நன்மை ஐந்தாண்டுகளில் 52 கோடி டாலர் முதல் 134 கோடி டாலர் வரை என்று பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். குளவிக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை. விளம்பரமும் இல்லை. அதனால்தான் எங்கள் தெருவுக்குச் செய்தி வரவேயில்லை.

*

2008 ஜூலையில் பெயர் தெரிந்தது, 2010 ஜூலையில்தான் குளவி வந்தது. நடுவில் இரண்டு வருடம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் மரம் சாக நாலு மாதம் போதுமே! அந்த இரண்டு வருடத்தில் எத்தனை தோட்டம், எத்தனை லிட்டர் விஷம்!

ஆனால் சைதாப்பேட்டையைப் படித்த பிறகு அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. கேப்டன் நீல்சனுக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை, எடுத்துவந்தார், தப்பான பூச்சி வந்தது. 1935ல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவில் விட்ட கரும்புத் தேரை வண்டை விட்டுவிட்டு நாட்டையே பிடித்துக்கொண்டது. உயிரை வெளியே விட்டால் ரோல்பேக் கிடையாது. ஃபைல் மெதுவாக நகர்ந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. சோதனைக்கு ஆகும் காலம் வேறு, மேஜையில் தூங்கும் காலம் வேறு. முதலாவதைக் குறைக்கக் கூடாது, இரண்டாவதை மன்னிக்கக் கூடாது.

முகம் ஒரே மாதிரி இருந்தாலும் ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க உதாரணம் ஒன்று உண்டு. 1970களில் அங்கே மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் தேடி அதே மாதிரி ஒன்றைக் கண்டார்கள். அதன் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவே இல்லை. இரண்டும் வேறு வேறு இனங்கள். அசல் பூச்சி 1981ல் பராகுவேயில் கிடைத்தது, கூடவே அதன் குளவி அனகைரஸ் லோபெஸியும். ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அது ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பப்பட்டது, அவருக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020ல் அதே மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் தென்பட்டது. இந்த முறை பெயர், ஊர், எதிரி மூன்றும் முன்பே தெரியும். பெனின் நாட்டிலிருந்து குளவி வந்தது, 2022 மார்ச்சில் சேலம் பகுதியில் விட்டார்கள்.

*

எல்லா அசுவினிக்கும் குளவி காத்திருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அசுவினி சாறு குடிப்பதைவிட நோய் பரப்புவதில் பெரிய ஆள். சிறுமலை, விருப்பாச்சி மலை வாழையைச் சாய்த்தது முடிக்கொத்து நோய். அதன் வைரஸைச் சுமப்பது வாழை அசுவினி. பப்பாளியின் வளையப்புள்ளி வைரஸையும் அசுவினிதான் கொண்டுவருகிறது. அது சில நொடிகள் இலையைக் குத்திப் பார்த்தாலே போதும், வைரஸ் இறங்கிவிடும். மருந்து வேலை செய்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அங்கே வழி வேறு: நோயில்லாத கன்று, நோய் வந்த மரத்தை உடனே அகற்றுவது, தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம் போட்டு வரும் அசுவினி முதலில் அதில் வாய் வைக்கும்படி செய்வது.

வீட்டில் ஒன்றிரண்டு மரம் வைத்திருப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது இவ்வளவு. வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி எப்போதும் அடியில்தான் ஆரம்பிக்கும். தண்டில் எறும்பு ஏறினால் மேலே ஏதோ இனிப்பு இருக்கிறது என்று அர்த்தம். தண்டைச் சுற்றித் துணி கட்டிக் கிரீஸ் தடவி எறும்பை நிறுத்தினாலே பொறிவண்டுக்கும் குளவிக்கும் வழி திறக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடலாம், அல்லது ஹோஸ் பைப்பால் வேகமாக அடித்தால் அசுவினி விழுந்துவிடும், திரும்ப ஏறுவது கஷ்டம். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், கொழுத்த தளிர்தான் சாறுண்ணிக்கு விருந்து. நர்சரியிலிருந்து செடி வாங்கும்போது அடியிலையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், குன்னூருக்கு அசுவினி வந்தது அப்படித்தான். பழுப்பாகி, ஊதிப்போய், முதுகில் ஓட்டையோடு பூச்சி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அங்கே ஏற்கெனவே ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

*

ஆயா இப்போது இல்லை. வெட்டிய மரத்துக்குப் பக்கத்திலேயே, அதே தண்ணீர் ஓடும் மூலையில், வேறொரு பப்பாளி தானாக முளைத்து இப்போது மாடி உயரம். போன வெயிலில் அம்மா கூப்பிட்டார். குரலிலேயே விஷயம் தெரிந்தது. இலைக்கடியில் வெள்ளை.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், உரக்கடைக்கு. "பத்து நிமிஷம் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. பஞ்சை விலக்கிப் பார்த்தேன். உயிரோடு சில மஞ்சள் பூச்சிகள். அவற்றுக்கு நடுவே பழுப்பாக, காய்ந்த அரிசி மணி மாதிரி பல. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசியால் குத்தியது மாதிரி ஒரு வட்டம். எந்தக் குளவி என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் யாரோ வந்துபோயிருக்கிறார்கள்.

"மருந்து வேணாம்பா. ஆள் வந்தாச்சு."

அப்பா ஸ்டூலில் ஏறி அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இறங்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய மரத்தின் இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அம்மாதான் கேட்டார். "ஆளா? எந்த ஊரு ஆளு?"

"மெக்சிகோம்மா. வழியில போர்ட்டோ ரிக்கோ, பெங்களூர், கோயம்புத்தூர்."

"அவ்ளோ தூரத்துலேந்தா" என்றார் அம்மா. பிறகு உள்ளே போய் ஒரு பழைய துணியும் சைக்கிளுக்குப் போடும் கிரீஸ் டப்பாவும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "வந்தவங்கள எறும்பு கடிக்காம பாத்துக்க."